பொருள் பழுது, தவணை மட்டும் தொடர்வதா?

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் மாத்தளை திருகோணமலை வீதியில் நடந்து போவதே சிரமம். எல்கடுவ, ரத்தோட்டை, உக்குவளைப் பக்கத்து பஸ்கள் நிரம்பி வந்து ஆட்களை இறக்கிவிடும். தோட்டத்தில் கிடைத்த தீபாவளி முற்பணத்தில் உடுதுணிக்குப் போக மிஞ்சியது பல வீடுகளில் மின்பொருள் கடைக்குப் போகிறது. அங்கே அது இன்னொரு முற்பணமாகிறது. 'இலகு தவணை' என்ற பலகைக்குக் கீழே, இரண்டு பிணையாளரின் அடையாள அட்டைப் பிரதிகளோடு ஒரு பிரிட்ஜோ வாஷிங் மெஷினோ வீட்டுக்கு வந்து சேர்கிறது. தோட்டம் கொடுத்த முற்பணம் மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கப்படும் கடன். ஆக, அந்தப் பொருளுக்குக் கட்டிய முதல் காசும் கடன், மீதிக் காசும் கடன்.

இதைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவானது 2021இல். 1,350 ஆனது 2024 செப்டம்பரில். அந்த வருமானத்தில் ஒரு இலட்சம் ரூபாவை ஒரே கையாக எண்ணிக் கொடுத்து ஒரு பொருளை வாங்க முடியாது. தவணை இல்லாவிட்டால் லயத்து வீட்டுக்கு பிரிட்ஜ் வராது, தம்புள்ளை விவசாயிக்கு நீர் இறைக்கும் மோட்டார் வராது, வேலை தேடும் இளைஞனுக்கு ஓட்டோ வராது. கேள்வி கடனைப் பற்றியது அல்ல. கடனுக்கு எடுத்த பொருள் பழுதாகிப்போனால் யாரைப் பிடிப்பது என்பதே கேள்வி.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ரொக்க விலை 120,000 ரூபா உள்ள ஒரு பிரிட்ஜ், மாதம் 6,500 ரூபாவாக 24 தவணை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 156,000 ரூபா. 1,350 ரூபா நாட்சம்பளத்தில் ஒரு தவணைக்கு மட்டும் ஏறக்குறைய ஐந்து நாள் உழைப்பு வேண்டும். ஐந்தாவது மாதம் அது குளிர்விப்பதை நிறுத்திவிடுகிறது. கட்டியது 32,500 ரூபா. கட்டவேண்டியது 123,500 ரூபா. அதாவது, கடையில் புதிதாக நிற்கும் அதே பிரிட்ஜின் ரொக்க விலையைவிட, வீட்டில் ஓடாமல் நிற்கும் பிரிட்ஜுக்கு இன்னும் கட்டவேண்டிய தொகை அதிகம்.

கடைக்குப் போனால் உத்தரவாத அட்டையைக் கேட்பார்கள். கம்பிரசருக்குப் பத்து வருடம் என்று பெரிய எழுத்தில் இருக்கும். மற்ற உதிரிப்பாகங்களுக்கும் வேலைக்கூலிக்கும் உள்ள காலம் சின்ன எழுத்தில் இருக்கும். மின்னழுத்தம் கூடிக் குறைந்ததால் வந்த பழுதுக்கு உத்தரவாதம் இல்லை என்ற வரியும் பெரும்பாலும் அதே சின்ன எழுத்தில்தான் கிடக்கும். மாலையானால் மின்குமிழ் மங்கி எரியும் மலைத் தோட்டங்களில் அந்த ஒரு வரியே உத்தரவாதத்தின் பாதியை விழுங்கிவிடுகிறது. பொருளைத் திருத்த எடுத்துக்கொண்டு போனவர்கள் வாரக்கணக்கில் இழுத்தடிப்பார்கள். அந்த வாரங்களிலும் தவணைத் தேதி தப்பாமல் வரும். கட்டவில்லையென்றால் முதல் தொலைபேசி அழைப்பு வாங்கியவருக்கு வரும், இரண்டாவது பிணை நின்றவருக்கு. பிணை நின்றவர் பெரும்பாலும் பக்கத்து லயத்துக்காரர், அல்லது சொந்த மச்சான்.

சட்டம் என்ன சொல்கிறது? இலங்கையில் நுகர்வோருக்கான பிரதான சட்டம் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். அதன் 13ஆம் பிரிவு நல்ல பிரிவு. எழுத்திலோ உட்கிடையாகவோ கொடுத்த உத்தரவாதத்துக்கு ஏற்றதாகப் பொருள் இல்லையென்றால், அதிகார சபை விசாரித்து நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ விற்றவருக்குக் கட்டளையிடலாம். சட்டத்தரணி வைக்கத் தேவையில்லை. ஆனால் அதே பிரிவில் ஒரு நிபந்தனை இருக்கிறது. பொருளை விற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும்.

பழுது தெரிந்த நாளிலிருந்து அல்ல, விற்ற நாளிலிருந்து.

மேலே சொன்ன பிரிட்ஜ் ஐந்தாவது மாதத்தில் நின்றது. அந்த வீட்டாருக்கு 13ஆம் பிரிவின் கதவு இரண்டு மாதத்துக்கு முன்பே மூடியாயிற்று. தவணையோ இன்னும் பத்தொன்பது மாதத்துக்கு ஓடும். கடன் கொடுத்தவரின் உரிமை இரண்டு வருடம் உயிரோடு இருக்க, வாங்கியவரின் முறைப்பாட்டு உரிமை மூன்றே மாதத்தில் செத்துவிடுகிறது. பாக்குநீரிணைக்கு அப்பால் இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் தருகிறது. தமிழ்நாட்டில் அந்த முறைப்பாட்டை விசாரிக்க மாவட்ட மட்டத்திலேயே நுகர்வோர் ஆணையங்கள் இருக்கின்றன. மதுரையில் வாங்கிய பிரிட்ஜுக்கு இரண்டு வருடம், மாத்தளையில் வாங்கியதற்கு மூன்று மாதம் என்றால், இந்த வேறுபாட்டுக்கு எந்த நியாயத்தையும் காண முடியவில்லை.

மூன்று மாதம் கடந்தவருக்கு மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், வாங்குபவர் தன் தேவையைச் சொல்லி விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கியிருந்தால் பொருள் அந்தத் தேவைக்கு உதவுவதாக இருக்க வேண்டும் என்று அன்றே சொல்லிவைத்தது. எழுத்திலான ஒப்பந்தத்தின் மேல் ஆறு ஆண்டு வரை வழக்குத் தொடரலாம். ஆனால் ஒரு பிரிட்ஜுக்காகச் சட்டத்தரணிக்குக் காசு கொடுத்து, ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் ஒரு நாட்சம்பளத்தை இழந்து, ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேற எந்தத் தொழிலாளியால் முடியும்?

கடன் கொடுத்தவருக்கு இந்தச் சிரமம் இல்லை. 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் விசேட ஏற்பாடுகள் சட்டம் வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் குறுக்குவழி ஒன்றைத் திறந்துவைத்திருக்கிறது. குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட கடனுக்குச் சத்தியக்கடதாசியோடு போனால் நிபந்தனைத் தீர்ப்பு கிடைக்கும். கடனாளி தன் பக்கத்தைச் சொல்லவே முதலில் நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டும். பணத்தைத் திரும்பப் பெறுவதற்கு விசேட சட்டம் இயற்றத் தெரிந்த நாடாளுமன்றம், பழுதான பொருளைத் திருப்பிக் கொடுப்பவருக்கும் அந்த அக்கறையைக் காட்டியிருக்க வேண்டும்.

ஒரு காலத்தில் காட்டவும் செய்தது. 1982ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க நுகர்வோர் கடன் சட்டத்தை இன்று அதிகம் பேர் பேசுவதில்லை. அது வாடகைக் கொள்வனவை ஒழுங்குபடுத்த வந்த சட்டம். வாடகைக் கொள்வனவில் கடைசித் தவணை கட்டும்வரை பொருளின் சொந்தக்காரர் பணம் போட்ட கம்பனிதான். சொந்தக்காரர் நீ என்றால் பொருளின் தரத்துக்கும் நீயே பொறுப்பு என்று அந்தச் சட்டம் சொன்னது. ஒப்பந்தத்தில் எழுதாவிட்டாலும், பொருள் விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருப்பதாகவே கொள்ளப்படும். கடையில் போய்க் கேள், எங்களுக்குத் தெரியாது என்று கம்பனி கைகழுவ முடியாது.

தவணை வியாபாரம் உலகில் பரவியதற்குத் தையல் மெஷின் ஒரு பெரிய காரணம். அமெரிக்காவில் 1850களில் சிங்கர் கம்பனி வீட்டுப் பெண்களுக்கு மாதத் தவணையில் மெஷின் கொடுக்கத் தொடங்கியது. 19ஆம் நூற்றாண்டு முடியும் முன்பே அந்தக் கம்பனி இலங்கைக்கும் வந்துவிட்டது. அன்றைய ஏற்பாட்டில் விற்றவரும் கடன் கொடுத்தவரும் ஒருவரே. மெஷின் ஓடவில்லையென்றால் தவணை வசூலிக்க வருபவரிடமே சொல்லலாம். இன்று அந்த இரண்டு ஆட்களும் பிரிந்துபோனார்கள். கடை ஒன்று, கடன் தரும் நிதிக் கம்பனி வேறொன்று. பழுது கடையின் விஷயம், தவணை கம்பனியின் விஷயம் என்று பிரித்துவிட்டார்கள். வாங்கியவர் இரண்டுக்கும் நடுவில் அலைகிறார்.

சந்தை வாடகைக் கொள்வனவிலிருந்து நிதிக் குத்தகைக்கு, அதாவது எல்லாரும் சொல்லும் லீசிங்குக்கு மாறியபோது 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு பின்னால் நின்றுவிட்டது. லீசிங்குக்கு 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டம் தனியாக வந்தது. 1988இல் ஒட்டாவாவில் கையெழுத்தான சர்வதேசக் குத்தகை உடன்படிக்கையின் எண்ணமும் அந்தச் சட்டத்தின் எண்ணமும் ஒன்றுதான்: பொருளைத் தெரிவு செய்தவர் குத்தகைக்கு எடுத்தவர், கம்பனி பணம் மட்டுமே போட்டது, ஆகவே பழுதுக்கு விற்றவரைக் கேள். விமானமும் தொழிற்சாலை இயந்திரமும் குத்தகைக்கு எடுக்கும் நிறுவனங்களுக்கு இது பொருந்தும். அவர்களிடம் பொறியியலாளர்கள் இருக்கிறார்கள், சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். பலாபத்வலையில் பழைய ஓட்டோ ஒன்றை லீசிங்கில் எடுக்கும் இளைஞனுக்கு எப்படிப் பொருந்தும்?

அந்த ஓட்டோவின் பதிவுப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். அதில் இரண்டு பெயர் இருக்கும். ஓட்டுபவர் பதிவுபெற்ற உரிமையாளர். லீசிங் கம்பனி முழு உரிமையாளர். மூன்று தவணை தவறினால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போவது அந்த முழு உரிமையாளர் என்ற தகுதியில்தான். எஞ்சின் இடிந்து கராஜில் நிற்கும்போது மட்டும் அதே கம்பனி 'நாங்கள் பணம் கொடுத்தவர்கள்தானே' என்கிறது. வண்டியைப் பறிக்கும்போது சொந்தக்காரர், பழுது என்னும்போது வெறும் கடன் கொடுத்தவர் என்றால், இரண்டும் ஒன்றாக நிற்க முடியாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு ஏறக்குறைய ஐந்து ஆண்டு புதிய வண்டிகள் வராதிருந்த காலத்தில், பழைய ஓட்டோக்களின் விலை ஏறிய வேகத்தை மாத்தளைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தேய்ந்த வண்டிக்குப் புதிய வண்டியின் விலையைக் கடனாக எடுத்தவர்கள் பலர். கடன் கொடுக்க முன் கம்பனி தன் மதிப்பீட்டாளரை அனுப்பி வண்டியைப் பார்த்தது. பார்த்தது தன் பணத்தின் பாதுகாப்புக்காக. அந்த மதிப்பீட்டை நம்பி வண்டியை எடுத்தவருக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

மற்ற நாடுகள் இந்த முடிச்சை எப்படி அவிழ்த்தன? பிரித்தானியாவில் குரோதர் குழு 1971இல் கொடுத்த அறிக்கை ஒன்றைச் சொன்னது: கடையும் கடன் கொடுப்பவரும் சேர்ந்து செய்யும் வியாபாரம் இது, இலாபம் இருவருக்கும் என்றால் பொறுப்பும் இருவருக்கும். அதிலிருந்து பிறந்த 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவை லண்டனில் இருக்கும் நம் உறவினர் பலர் அறிவார்கள். 100 பவுணுக்கு மேல் 30,000 பவுண் வரை விலையுள்ள பொருளைக் கடன் அட்டையிலோ கடை ஏற்பாடு செய்த கடனிலோ வாங்கினால், கடையிடம் என்ன உரிமை உண்டோ அதே உரிமை கடன் கொடுத்த வங்கியிடமும் உண்டு. கடை மூடிப்போனாலும் வங்கி பதில் சொல்ல வேண்டும். முற்பணத்தை மட்டும் அட்டையில் கட்டியிருந்தாலும் போதும்.

அமெரிக்காவில் வேறு வழி. கடைக்காரர் வாடிக்கையாளரின் கடன் பத்திரத்தை நிதிக் கம்பனிக்கு விற்றுவிடுவார். கம்பனி, தளபாடம் உடைந்தது எனக்குத் தெரியாது, பத்திரத்தில் கையெழுத்து இருக்கிறது, கட்டு என்று வந்து நிற்கும். ஏழைக் குடியிருப்புகளில் இது பெரிய அநியாயமாக வளர்ந்தது. 1976இல் நடைமுறைக்கு வந்த மத்திய வர்த்தக ஆணைய விதி, ஒவ்வொரு நுகர்வோர் கடன் பத்திரத்திலும் ஒரு வாசகத்தைக் கட்டாயமாக்கியது: விற்றவருக்கு எதிராக வாங்கியவர் சொல்லக்கூடிய எல்லா எதிர்வாதமும் இந்தப் பத்திரத்தைக் கையில் வைத்திருப்பவருக்கும் எதிராகச் செல்லும். பெரிய அலுவலகமோ புதிய நீதிமன்றமோ தேவைப்படவில்லை. ஒரு வாசகம் அச்சானது, அவ்வளவே.

பிரான்சில் ஒரு தம்பதி கடனுக்கு ஜன்னல்கள் போட்டார்கள். ஜன்னல் சட்டகங்களில் பூச்சி. ஜன்னல் ஒப்பந்தத்தோடு கடன் ஒப்பந்தத்தையும் ரத்துச் செய்யக் கேட்டபோது, கடன் பத்திரத்தில் ஜன்னலைப் பற்றிய பேச்சே இல்லையே என்ற பிரச்சினை எழுந்தது. 2007 ஒக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கடன் பத்திரத்தில் பொருளைக் குறிப்பிடவில்லை என்பதற்காகக் கடன் கொடுத்தவருக்கு எதிரான உரிமை இல்லாமல் போகாது. வாங்கியவர் கேட்காவிட்டாலும் நீதிபதி தானாகவே அந்தச் சட்டத்தைப் பிரயோகிக்கலாம். இந்த இரண்டாவது கருத்துத்தான் மாத்தளைக்கு மிகவும் வேண்டியது. தன் உரிமையின் பெயர் தெரியாதவருக்கும் உரிமை உண்டு என்கிறது அது.

கடன் கொடுப்பவருக்குப் பொறுப்பு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு அண்மை உதாரணம் இந்தியாவில் இருக்கிறது. பைஜூஸ் கல்விச் செயலியின் பாடத்திட்டங்களைக் கடனுக்கு வாங்கிய பெற்றோர் பலர், வகுப்பு பிடிக்காமல் விலகக் கேட்ட பிறகும் வங்கிக் கணக்கிலிருந்து தவணை போய்க்கொண்டிருந்ததாக முறையிட்டார்கள். 2022 டிசம்பரில் தேசிய சிறுவர் உரிமைப் பாதுகாப்பு ஆணைக்குழு கம்பனியின் தலைவரை அழைத்து விளக்கம் கேட்டது. விற்றது ஒரு கம்பனி, கடன் கொடுத்தது இன்னொன்று. பிள்ளையின் படிப்புக்காகக் கையெழுத்திட்ட பெற்றோர் பலருக்குத் தாம் இட்டது கடன் பத்திரத்தில் என்பதே அப்போது விளங்கவில்லை.

இங்கே நிதிக் கம்பனிகள் சொல்லும் மறுப்பு ஒன்று உண்டு. பழுதுக்கும் பொறுப்பு ஏற்கச் சொன்னால் வட்டியைக் கூட்ட வேண்டிவரும், ஏழைக்குக் கடன் கிடைக்காது என்பது அது. இதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் பொறுப்பு ஏற்ற கம்பனிக்கு வழி இல்லாமலில்லை. எந்தக் கடையோடு தொடர்பு வைப்பது என்று தெரிவு செய்வது கம்பனிதான். மோசமான பொருள் விற்கும் கடைக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை நிறுத்திவைக்கவும் கம்பனியால் முடியும். ரத்தோட்டையிலிருந்து வரும் ஒரு தொழிலாளியின் வார்த்தைக்கு அசையாத கடைக்காரர், மாதம் ஐம்பது வாடிக்கையாளரை அனுப்பும் நிதிக் கம்பனியின் ஒரு தொலைபேசிக்கு அசைவார். பிரித்தானியாவில் 75ஆம் பிரிவு இயற்றப்பட்டு ஐம்பது ஆண்டு கடந்தும் கடன் அட்டை வியாபாரம் படுத்துவிடவில்லை.

மொழி தனிப் பிரச்சினை. இலங்கையின் அரசியலமைப்பில் தமிழும் அரசகரும மொழி. வாடிக்கையாளர் விரும்பும் மொழியில் விவரம் கொடுக்க வேண்டும் என்று 2011ஆம் ஆண்டிலேயே மத்திய வங்கி தன் வாடிக்கையாளர் சாசனத்தின் வழியாக வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. 2023 ஓகஸ்டில் வந்த நிதிநுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் இதைவிட அகலமானவை. இருந்தும், தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்தவரின் கையில் ஆங்கிலப் பத்திரத்தைக் கொடுத்து 'இங்கே, இங்கே, இங்கே' என்று பென்சிலால் புள்ளடி போட்டுக் காட்டும் வழக்கம் ஓயவில்லை. கையெழுத்திட்டவரைக் கேட்டால், தான் எடுத்தது வாடகைக் கொள்வனவா, லீசிங்கா, தனிநபர் கடனா என்று அவருக்குச் சொல்லத் தெரியாது. அவருக்கு எந்தச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்பதோ அந்த ஒரு தலைப்பைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

2003ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்ற வேண்டும் என்ற பேச்சு சில ஆண்டுகளாக அடிபடுகிறது. மாற்றும்போது முதலில் தொடவேண்டியது அந்த மூன்று மாதத்தை. தவணையோ உத்தரவாதமோ எது கடைசியில் முடிகிறதோ அதுவரை முறைப்பாட்டுக் காலம் ஓட வேண்டும். அடுத்து, கடையின் ஏற்பாட்டில் கிடைத்த கடன் எந்தப் பெயரில் இருந்தாலும், கொடுத்தவரும் விற்றவரோடு சேர்ந்து பொறுப்பு என்று ஒரு பிரிவு வேண்டும். 1982இல் வாடகைக் கொள்வனவுக்குச் சொன்னதை லீசிங்குக்கும் கடன் அட்டைத் தவணைக்கும், கைத்தொலைபேசியில் மூன்று தவணை என்று வரும் செயலிகளுக்கும் நீட்டினால் போதும். முறைப்பாடு விசாரணையில் இருக்கும்போது தவறும் தவணையைக் கடன் தகவல் பணியகத்துக்கு (கிரிப்) அனுப்பக் கூடாது. 'கிரிப்பில் பெயர் விழுந்துவிடும்' என்ற பயத்திலேயே நியாயம் உள்ளவர்களும் வாயை மூடிக்கொண்டு கட்டுகிறார்கள். நாடாளுமன்றத்தில் மலையக உறுப்பினர்கள் சம்பளத்துக்காகக் குரல் கொடுத்தது போல இதற்கும் கொடுக்க வேண்டும். கூட்டிக் கொடுத்த சம்பளம் பழுதான பொருளின் தவணையாகப் போய்விட்டால் வீட்டில் மிஞ்சுவது என்ன?

சட்டம் மாறும்வரை மாத்தளையில் தவணைக்கு எடுப்பவர் செய்யக்கூடியவை சில உண்டு. பொருள் வந்து முதல் மூன்று மாதத்தில் சின்னக் கோளாறு தெரிந்தாலும் அதைக் கடையில் வாயால் சொல்லிவிட்டுத் திரும்பக் கூடாது. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிட்டு, பிரதியை வைத்துக்கொள்ள வேண்டும். கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். அதிகார சபையின் தொலைபேசி எண் 1977. அதே கடிதத்தின் பிரதியைக் கடன் கொடுத்த கம்பனிக்கும் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். கம்பனி அசையவில்லையென்றால் மத்திய வங்கியின் நிதிநுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கு 1935 என்ற எண்ணில் சொல்லலாம், நிதி ஒம்புட்ஸ்மனிடமும் போகலாம். திருத்தக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் தேதி போட்ட பற்றுச்சீட்டு கேட்டு வாங்க வேண்டும். கோபத்தில் தவணையை நிறுத்துவது மட்டும் இப்போதைய சட்டத்தில் ஆபத்து. அடி முதலில் விழுவது பிணை நின்றவர் மேல். கையெழுத்திடுமுன் பத்திரத்தின் தலைப்பைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். வாடகைக் கொள்வனவு என்று இருந்தால் 1982ஆம் ஆண்டுச் சட்டம் பின்னால் நிற்கிறது. வேறு தலைப்பாக இருந்தால், பொருள் பழுதானால் கம்பனி என்ன செய்யும் என்பதை அந்த மேசையிலேயே எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.